சர்ச்–வெல்லஸ்லி பக்கம் முதல் முறை போறேன்: இரவு, சாப்பாடு, கலை, எங்கே தொடங்கலாம்?

மதுரை_வடக்கு
எல்லாருக்கும் வணக்கம். படிக்கிறதுக்காக டொராண்டோ வந்தேன், இப்ப வேலை கிடைச்சு நார்த் யார்க்ல இருக்கேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்னு ஸ்கூல் காலத்திலேயே தெரியும். ஊர்ல வீட்டுக்குச் சொல்லல. கூட தங்கியிருக்கிற பசங்க எல்லாரும் தமிழ், அவங்களுக்கும் தெரியாது. இவ்வளவு நாளா நம்மள மாதிரி ஆளுங்க கூடற இடம்னு சர்ச் தெரு பேரைக் கேட்டிருக்கேனே தவிர அங்க கால் வைக்கல. இந்தக் கோடையில போயே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு பீருக்கு மேல குடிக்க மாட்டேன். மாடும் பன்னியும் சாப்பிட மாட்டேன். தனியா போனா வித்தியாசமா பார்ப்பாங்களா? எந்த நேரத்துக்குப் போகணும்? குடி, டான்ஸ் தவிர வேற என்ன இருக்கு? முக்கியமா, தெரிஞ்ச தமிழ் ஆள் யாராவது பார்த்துட்டா என்ன செய்யறதுன்னு ஒரே பயமா இருக்கு. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

கிழக்குப்பக்கம்
வாங்கோ தம்பி. நான் ஸ்காபரோவில வளந்தனான், என்ர துணைவியும் நானும் மாசத்தில ஒருக்காவாவது அங்க போவம். தனியா வாற ஆக்கள்தான் அங்க கனபேர், அதால ஒருத்தரும் உங்களை வித்தியாசமாப் பாக்கமாட்டினம்.

முதல் தரம் இரவில போகாதேங்கோ. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெளிச்சத்தோட போங்கோ. வெல்லஸ்லி ஸ்ரேசனில இறங்கி கிழக்கால நடந்தா அஞ்சு நிமிசத்தில சர்ச் சந்தி. 2014இல எங்கட சமூகத்தின்ர உலகப் பிரைட் விழா இஞ்ச நடந்தபோது போட்ட வானவில் நிறக் கடவையை அங்க காணலாம். அதில நிண்டு ரெண்டு பக்கமும் பாத்தா, கிழவர் ரெண்டு பேர் கை கோத்து நாயோட போவினம், பிள்ளையை வண்டிலில தள்ளிக்கொண்டு ரெண்டு அம்மாமார் போவினம். எனக்கு முதல் தரம் பாரைவிட அதுதான் பெரிசாத் தெரிஞ்சது.

519 எண்ட நம்பரில ஒரு சமூக நிலையம் இருக்கு, பேரும் அதுதான்: தி 519. 1975இல தொடங்கினது, நகரசபையின்ர நிலையம். புதுசா வந்த ஆக்களுக்கும் அகதிக் கோரிக்கை போட்ட ஆக்களுக்கும் தனிக் கூட்டங்கள் வைக்கினம். உள்ள போய் மேசையில கேட்டா பொறுமையா விளக்குவினம். பின்னால பார்பரா ஹோல் பூங்கா. அங்க எய்ட்ஸால இறந்த ஆக்களின்ர பேர் பொறிச்ச தூண்கள் நிரையா நிக்குது. 1993இல கட்டினது. ஒவ்வொரு வருசமும் புதுப் பேர்கள் சேர்ப்பினம், பிரைட் நேரத்தில மெழுகுதிரி ஏத்தி நினைவுகூருவினம். தூணில எங்கட ஆக்களின்ர மாதிரிப் பேர் ஏதும் இருக்கோ எண்டு ஒவ்வொரு தரமும் என்ர கண் தேடும்.

பிறகு சாப்பாடு. சர்ச் தெரு பப்புகளில கோடையில வெளியில மேசை போடுவினம். பின்னேரச் சூரியன் விழுற பக்கமாப் பாத்து இருந்தா தெருவே நாடகம் மாதிரி. கோழி பர்கர், மரக்கறி பர்கர், பூட்டீன் (உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல சீஸும் கிரேவியும்) எல்லாம் கிடைக்கும். பூட்டீன் கிரேவி வழக்கமா மாட்டில செய்யிறது, கேட்டுட்டு எடுங்கோ. காசு மிச்சம் பிடிக்கவேணும் எண்டால் யங் தெருவுக்குத் திரும்பி நடங்கோ: கொரிய, ஜப்பானிய, அரபுக் கடையள் வரிசையா இருக்கு. ஃபலாஃபல் ஒண்டு வயிறு நிரப்பும்.

இரவுக்கு ரெண்டு இடம் சொல்லுறன். வூடீஸ் 1989இல திறந்த பழைய பார், அமைதியா ஒரு பீரோட நிக்கலாம், வயசு கூடின ஆக்களும் வருவினம். க்ரூஸ் அண்ட் டேங்கோஸ் டிராக் ஆட்டத்துக்கு, அதாவது பெண் வேசம் கட்டி ஆடிப் பாடுற ஆட்டத்துக்கு, பேர் போனது. வார இறுதியில பத்து மணிக்குப் பிறகு வாசலில நிரை நீளும், உள்ள போகக் காசும் கேப்பினம். அதால முன்னமே போயிடுங்கோ. ஆட்டக்காரிக்குக் குடுக்க அஞ்சு டொலர் தாள்களா மாத்தி வச்சிருங்கோ. தாளை நீட்டினா அவ உங்களைப் பாத்துப் பாடி, குனிஞ்சு வாங்கிக்கொண்டு போவா. வெக்கப்படாதேங்கோ, அது அவவின்ர சம்பளம். வயசு 19 தாண்டியிருக்கவேணும், பாஸ்போர்ட் அல்லது ஒண்டாரியோ அட்டை கட்டாயம். அனுமதி கேக்காமல் ஆரையும் ஃபோட்டோ எடுக்காதேங்கோ. உங்களை மாதிரி வீட்டில சொல்லாத ஆக்கள் அந்த அறையில எத்தினை பேர் இருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

தனிவழி
அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா வில்லேஜை (சர்ச் தெருப் பக்கத்தை அப்படித்தான் சொல்வாங்க) ரொம்பத் தூக்கி வச்சுப் பேசறோமோன்னு தோணுது. பத்து வருஷமா இங்க இருக்கேன். ஒவ்வொரு பாரா மூடிக்கிட்டே வருது, காண்டோ கோபுரம் எழும்பிக்கிட்டே இருக்கு. மேற்கே குயீன் தெரு, ஆஸிங்டன் பக்கம், இல்லன்னா மாசத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துற பார்ட்டி, சின்ன வயசுக்காரங்க அங்கதான் போறாங்க. தெற்காசியப் பசங்களுக்குன்னு பாலிவுட், பாங்ரா, நம்ம குத்துப்பாட்டு எல்லாம் கலந்து போடற இரவுகளும் வருது. அங்க போனா நம்ம நிறத்துல ஆளுங்களைப் பார்க்கலாம். சர்ச் தெரு பார்ல நான் போன முதல் வருஷம் முழுக்க யாரும் என்கிட்ட வந்து பேசினதே இல்ல. வெள்ளைக்காரங்க வெள்ளைக்காரங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. தம்பிக்கு ஏமாற்றமாயிடக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்றேன்.

நிலாமகள்
தனிவழி சொல்றதை நான் வழிமொழியறேன், இன்னும் கொஞ்சம் சேர்த்து. நான் திருநங்கை, சென்னைலேர்ந்து வந்தவ. வில்லேஜ் பார்கள்ல பாதி ஆண்களுக்காக ஆண்கள் கட்டினது. ஒரு இடத்துல வாசல்லயே என் அட்டையில இருக்கிற பேரைச் சத்தமாப் படிச்சு, இது நீயான்னு மறுபடி மறுபடி கேட்டு, பின்னால நின்னவங்க எல்லாரும் பார்க்கிற அளவுக்கு நிறுத்தி வச்சாங்க. திரும்பி வந்துட்டேன். அன்னிக்கு அழுதேன்.

எனக்கு அந்தத் தெருவை மறுபடி பிடிக்க வச்சது பார் இல்ல, நாடகம். அலெக்ஸாண்டர் தெரு 12ல பட்டீஸ் இன் பேட் டைம்ஸ் தியேட்டர் இருக்கு. 1979ல ஆரம்பிச்ச குழு, 1994லேர்ந்து அந்தக் கட்டடத்துல. நம்மள மாதிரி ஆளுங்க எழுதி, நடிக்கிற நாடகங்கள். முடிஞ்ச காசைக் குடுத்துட்டுப் பார்க்கிற காட்சிகளும் போடறது அவங்க வழக்கம், அறிவிப்பைப் பாருங்க. நாடகம் முடிஞ்சதும் அதே கட்டடத்துல கேபரே, நடனம். குடிக்கணும்னு கட்டாயமே கிடையாது. கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சின்ன அரங்குல முதல் வரிசைல உக்காந்து, நடிக்கிறவங்க வேர்வை மின்னுறதைப் பார்க்கிறது பெரிய சந்தோஷம்.

பிரைட் சமயத்துல வந்தா ஞாயிறு பெரிய ஊர்வலத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடாதீங்க. வங்கிக்காரங்க வண்டியெல்லாம் அன்னிக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை என்னை மாதிரி ஆளுங்களோட டிரான்ஸ் ஊர்வலம், சனிக்கிழமை பெண்களை விரும்பற பெண்களோட டைக் ஊர்வலம். இந்த ரெண்டுலயும் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்க வேண்டியதில்ல, இறங்கி நடக்கலாம். நான் புடவை கட்டிக்கிட்டு நடப்பேன்.

மதுரை_வடக்கு
இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல, ரொம்ப நன்றி. நிலாக்கா, அந்த வாசல் விஷயம் படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. புத்தகக்கடை ஏதோ இருக்குன்னு கேள்விப்பட்டேனே?

கிழக்குப்பக்கம்
ஓம், கிளாட் டே. 1970இல தொடங்கினது, எங்கட சமூகத்துக்கான புத்தகக்கடையளில உலகத்திலேயே இண்டைக்கும் உயிரோட இருக்கிற பழையது அதுதான். யங் தெருவில ஒரு மாடிப்படி ஏறிப் போற சின்னக் கடையாக் கனகாலம் இருந்து, 2016இல சர்ச் தெருவுக்கு வந்து, பகலில புத்தகமும் கோப்பியும், வார இறுதியில டிராக் ஆட்டத்தோட காலைச்சாப்பாடும், இரவில நடனமும் எண்டு மாறினது. வாடகை நெருக்கி 2024இல சனத்திட்டக் காசு சேர்த்துத்தான் தப்பினது. போறதுக்கு முதல் இப்ப எந்த விலாசம், என்ன நேரம் எண்டு பாத்துட்டுப் போங்கோ. ஒரு புத்தகமாவது வாங்குங்கோ. இப்பிடியான இடம் எங்கட காசிலதான் நிக்குது.

வெல்லஸ்லி94
தம்பி, இஞ்ச கதைக்கிற ஆக்களில எனக்குத்தான் வயசு கூட எண்டு நினைக்கிறன்.

தனிவழி சொன்ன ஏமாற்றம் உண்மை. ஆனா அந்தத் தெரு எங்கட சனத்துக்கு வெளியில இருந்த இடம் இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுறன். எண்பதுகளின்ர கடைசியில அகதியா வந்த தமிழ்ச் சனத்தில கனபேர் முதல்ல இருந்தது சென் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியளில. ஒரு அறையில நாலஞ்சு பெடியள். அங்கயிருந்து வெல்லஸ்லி தெருவால மேற்கால நடந்தா பத்துப் பன்ரெண்டு நிமிசத்தில சர்ச் சந்தி. 94ஆம் நம்பர் பஸ் அந்தச் சந்தியைத் தாண்டித்தான் ஸ்ரேசனுக்குப் போகும். உணவகத்தில கோப்பை கழுவப் போன அண்ணைமார், பிள்ளையைக் கையில பிடிச்ச அம்மாமார், எல்லாரும் ஜன்னலால அந்தத் தெருவைப் பாத்தபடிதான் வேலைக்குப் போனவை. நானும் அதே பஸ்ஸிலதான். எனக்கு இறங்கவேணும். இறங்கினா ஆராவது பாத்திடுவினம். அதால ஸ்ரேசன் மட்டும் போய், அங்கயிருந்து திரும்பி நடந்து வருவன்.

அப்ப சந்தியில ஒரு கோப்பிக் கடை, முன்னால அகலமான படிக்கட்டு. இரவு முழுக்கப் பெடியள் அந்தப் படியில இருந்து கதைப்பினம். பாருக்குள்ள போகக் காசு இல்லாத எனக்கு அந்தப் படிதான் பார். ஒரு கோப்பிக்கு மூண்டு மணித்தியாலம். அந்தப் படியிலதான் முதல் முதலா என்னோட தமிழில ஒருத்தர் “நீர் யாழ்ப்பாணமோ?” எண்டு கேட்டவர். படி இப்ப இல்லை, இடிச்சுப் போட்டினம்.

அந்தத் தெரு சும்மா கிடைச்சதும் இல்லை. 1981 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு பொலிஸ் ஒரே நேரத்தில ஆண்கள் ஆண்களைச் சந்திக்கிற நாலு குளியல் விடுதியளுக்குள்ள புகுந்து முந்நூறு பேர் அளவில பிடிச்சது. அடுத்த இரவு மூவாயிரம் பேர் வரை தெருவில இறங்கிச்சினம். இண்டைக்கு நீங்கள் பாக்கிற பிரைட் ஊர்வலம் அந்தக் கோபத்திலயிருந்து வளந்தது. பொலிஸ் மன்னிப்புக் கேட்டது 2016இல. எங்கட பக்கத்திலயும் ஆக்கள் சும்மா இருக்கேல்லை. குஷ் எண்டு தெற்காசிய ஆண்களின்ர குழு 1987இல தொடங்கினது. அதிலயிருந்து வளந்த தேஷ் பர்தேஷ் கலைவிழா 2001 மட்டும் நடந்தது. எய்ட்ஸால எங்கட ஆக்கள் ஆங்கிலம் தெரியாமல் ஆஸ்பத்திரியில தனிச்சுக் கிடந்த காலத்தில, 1989இல, தெற்காசியருக்கான எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு ஒண்டு உருவானது. சுருக்கமா அசாப் எண்டு சொல்லுவம். இப்பவும் இயங்குது. பழைய துண்டுப்பிரசுரங்கள், சஞ்சிகையள் பாக்கவேணும் எண்டால் இசபெல்லா தெரு 34இல ஆர்கைவ்ஸ் எண்ட எங்கட சமூகத்தின்ர ஆவணக்காப்பகம் இருக்கு, 1973இல தொடங்கினது. ஒரு பின்னேரம் அங்க போய் இருந்து பாருங்கோ, தம்பி. டிராக் ஆட்டத்தைவிட அது உங்களுக்குக் கூடத் துணை தரும்.

சாவித்திரி_மார்க்கம்
நான் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகன் போன வருடம் எங்களிடம் சொன்னான். அவன் அப்பா இன்னும் அதிகம் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். அவனுடைய நண்பரோடு சேர்ந்து என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு அந்தத் தெருவுக்குக் கூப்பிடுகிறான். எனக்கு அறுபது வயது, புடவைதான் கட்டுவேன், முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். நான் போய் உட்கார்ந்தால் அங்கிருக்கும் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்குமா?

நிலாமகள்
அம்மா, போங்க. கட்டாயம் போங்க. ஒரு அம்மா புடவையில வந்து மகன் பக்கத்துல உக்காந்தா அந்த அறையில இருக்கிற பாதிப் பேருக்குக் கண் கலங்கும். டிராக் ஆட்டம் இருந்தா அவங்க உங்க மேசைக்கு வந்து கொஞ்சம் கேலியா பேசுவாங்க, மனசுல வச்சுக்காதீங்க, அது அவங்க கலை. முட்டை இல்லாம டோஸ்ட், பழம், வறுத்த உருளைக்கிழங்கு கேட்டா தருவாங்க. உங்களை மாதிரி பெற்றோர்கள் கூடிப் பேசற பிஃபிளாக் அமைப்புக்கு டொராண்டோவுல கிளை இருக்கு. ஐயாவையும் ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போகப் பாருங்க.

சாவித்திரி_மார்க்கம்
நன்றி கண்ணு. இந்த ஞாயிறே போகிறேன். அவன் நண்பருக்குப் பிடிக்கும் என்று ரவா லட்டு செய்து எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

வெல்லஸ்லி94
தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. தமிழ் ஆக்கள் பாத்தா என்ன செய்யிறது எண்டது. அதை நான் வேற பக்கத்தால சொல்லுறன். எனக்கு அதைவிடப் பெரிய பயம், நீங்கள் எங்க போறீங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போறது.

2010க்கும் 2017க்கும் இடையில இஞ்ச டொராண்டோவில எட்டு ஆண்களை ஒருத்தன் கொலை செய்தான். அதில கனபேர் தெற்காசிய, மத்திய கிழக்கு ஆக்கள். ரெண்டு பேர் இலங்கைத் தமிழர். அதில ஒருத்தர் 2010இல தமிழ் அகதியளை ஏத்திக்கொண்டு வந்த சன் சீ கப்பலில வந்து, அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர். அவரைக் காணேல்லை எண்டு ஒரு முறைப்பாடுகூட இல்லை. திருப்பி அனுப்பிப் போடுவினம் எண்டு எங்கயோ ஒளிச்சிருக்கிறார் எண்டுதான் வீட்டார் நினைச்சவை. ஆக்கள் காணாமல் போகினம் எண்டு வில்லேஜ் சனம் வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டு இருந்தது. 2018 ஜனவரியிலதான் அவனைப் பிடிச்சது. பிறகு ஒரு முன்னாள் நீதிபதி பொலிஸ் விசாரணையளை ஆராய்ஞ்சு 2021இல அறிக்கை குடுத்தவ, 151 பரிந்துரையள். இந்தச் செய்தி வந்த கிழமை நான் வேலைக்குப் போகேல்லை. நாங்கள் இரவில ஒளிச்சுப் போன அதே தெரு, அதே ஒளிப்பு.

பயந்து வீட்டுக்குள்ள இருக்கச் சொல்லேல்லை. போங்கோ. ஆனா ஒரு ஆளுக்காவது சொல்லிட்டுப் போங்கோ. ஆரையும் சந்திச்சு அவையின்ர வீட்டுக்குப் போறதெண்டால் விலாசத்தை அனுப்பிட்டுப் போங்கோ.

தனிவழி
அண்ணா, உங்க வலி புரியுது. ஆனா சொல்றதே சில பேருக்கு ஆபத்துதான? ரூம்மேட்கிட்டச் சொன்னா அது ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிடும். எனக்கே அப்படி ஆச்சு. யாரோ சொல்லி, அப்பா ஃபோன் பண்ணி, ஆறு மாசம் பேச்சே இல்ல. அதனால எனக்கு ரகசியம்தான் பாதுகாப்பு.

வெல்லஸ்லி94
வீட்டுக்குச் சொல்லுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, தனிவழி. ரூம்மேட்டுக்கும் சொல்லவேண்டாம். உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக்கூடாது. 519இல சந்திக்கிற ஒரு ஆள், வேலையிடத்தில ஒரு நல்ல மனிசி, இந்தக் களத்தில ஒருத்தர். உங்களைத் தேடக்கூடிய ஒரு ஆள் வேணும். அந்த ஆள் உங்கட சாதிசனமா இருக்கத் தேவையில்லை.

தனிவழி
அது சரி அண்ணா. அதை ஏத்துக்கறேன். எனக்கே அப்படி ஒருத்தர் இப்ப இல்லன்னு இதைப் படிக்கும்போதுதான் தோணுது.

கிழக்குப்பக்கம்
எனக்குத் தனிச்செய்தி போடுங்கோ ரெண்டு பேரும். இரவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் “வந்திட்டன்” எண்டு ஒரு வரி அனுப்பினாப் போதும். வராட்டி நான் எடுப்பன். என்ர துணைவி வேலையால பிந்தி வாறவ, அதால நான் எப்பிடியும் முழிச்சுத்தான் இருப்பன்.

தமிழ் ஆக்கள் பாக்கிறதைப் பற்றி: ஓம், பாப்பினம். எனக்கு நடந்தது. டேங்கோஸ் வாசல் நிரையில என்ர பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி நிண்டவ. ரெண்டு பேரும் ஒரு நிமிசம் கல்லாப் போய் நிண்டம். பிறகு அவ “எத்தினை வருசமாடி?” எண்டு கேட்டா. அண்டைக்கு இரவு ரெண்டு மணிக்குப் பார் பூட்டின பிறகு அவவின்ர காரில ஸ்காபரோ வந்து, அவவின்ர வீட்டில மிச்சம் இருந்த ரொட்டியில கொத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு விடியமட்டும் கதைச்சம். அந்தத் தெருவில உங்களைப் பாக்கிற தமிழ் ஆளும் அந்தத் தெருவுக்கு வந்த ஆள்தானே.

இன்னொண்டு, கூச்சப்படாமல் வாசியுங்கோ. ஜெரார்ட் தெருவில சர்ச்சுக்குக் கிட்ட ஹாசில் ஃப்ரீ கிளினிக் இருக்கு. பேர் சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம், காசு இல்லை. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கிற பிரெப் குளிசை பற்றியும் அங்க கேளுங்கோ.

மதுரை_வடக்கு
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கிழக்குப்பக்கம் அக்காவுக்குச் செய்தி போட்டாச்சு. வர்ற சனிக்கிழமை போறேன்: முதல்ல ஆர்கைவ்ஸ் அன்னிக்குத் திறந்திருக்கான்னு பார்த்துக்கறேன், அப்புறம் பூங்கா, சாப்பாடு, பட்டீஸ்ல ஏதாவது இருந்தா நாடகம். டேங்கோஸ் தைரியம் வந்தா. தனிவழி அண்ணா, நீங்களும் வர்றீங்களா? சந்தியில நின்னுக்கிட்டிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. ரெண்டு மணிக்கு எப்படித் திரும்பறது?

தனிவழி
வர்றேன். அஞ்சு மணிக்கு வானவில் கடவைல.

சப்வே ஒன்றரை மணியோட நின்னுடும், அதை நம்பாதே. யங் தெருவுக்கு நடந்து வந்தா 320 நைட் பஸ், ராத்திரி முழுக்க வடக்கே நார்த் யார்க் வரைக்கும் ஓடும். ப்ரெஸ்டோ அட்டையில காசு போட்டு வச்சுக்கோ. கிழக்கே போறவங்க ப்ளூர் வரைக்கும் ஏறி 300க்கு மாறிக்கலாம். ஜூன்லயும் அந்த நேரத்துக்குக் காத்து அடிக்கும், ஒரு ஜாக்கெட் எடுத்துக்கிட்டு வா.